கதவைத் திறந்து வைத்தால் கடமை தீர்ந்ததா?

மதுரையிலிருந்து வடக்கே அழகர்கோவில் சாலையில் சென்று வருவோருக்குக் கள்ளந்திரி தெரியாத ஊரல்ல. 1895ஆம் ஆண்டு முதல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இந்தச் சமவெளியை நனைத்து வருகிறது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோக நிலம் என்று பாசனக் கணக்குச் சொல்கிறது. மலையடிவாரத்தை நெருங்க நெருங்க மாந்தோப்பும் தென்னந்தோப்பும் கொய்யாத் தோட்டமும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக விரிகின்றன.

ஏக்கருக்குக் கணக்கு இருக்கிறது. மடைக்குக் கணக்கு இருக்கிறது. மூட்டைக்கும் கணக்கு இருக்கிறது. ஆனால் அந்த நிலத்தில் குனிந்து நாற்று நடுகிறவள் யார், அவளுக்குக் காய்ச்சல் கண்டால் எங்கே போகிறாள் என்ற கணக்கை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

உள்ளூர்க் கூலியாட்களோடு வெளியூர்க் கூலியாட்களும் நம் மாநிலத்து வயல்களுக்கும் தோப்புகளுக்கும் வருகிறார்கள். இராமநாதபுரம் சீமையிலிருந்து ஆட்டுக்கிடை ஓட்டி வரும் கீதாரிக் குடும்பங்கள், அறுவடையான வயலிலேயே கூடாரம் அடித்துத் தங்குகின்றன. கரும்பு வெட்டவும் செங்கல் சூளையில் கல் அறுக்கவும் பெண்டு பிள்ளைகளோடு இடம் பெயர்கிறவர்கள் உண்டு. அண்மைக் காலத்தில் பீகார், மேற்கு வங்காளம் முதலிய வடமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வந்து நெல் நடவு வரை செய்கிறார்கள். இவர்களுக்கு ஊரும் புதிது, பேச்சும் புதிது. நோய் மட்டும் பழகியது.

அவர்கள் உடல்நலத்துக்கு யார் பொறுப்பு? ‘அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, கதவு திறந்துதான் இருக்கிறது, வேண்டுமானால் போகட்டும்’ என்று சொல்லிவிட்டால் நம் கடமை தீர்ந்துவிடுமா? இந்தக் கேள்வியைத்தான் மார்க்கத்தின் வெளிச்சத்திலும் உலக அனுபவத்தின் துணையோடும் சற்று ஆராய்வோம்.

திறந்த கதவும் வராத நோயாளியும்

நம் மதுரையிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள், 1976ஆம் ஆண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப் போனவர் அவர். அந்தக் கைகளாலேயே ஆயிரக்கணக்கானோருக்குக் கண்புரை நீக்கினார். மருத்துவர்கள் கிராமம் கிராமமாகச் சென்று இலவச முகாம் நடத்தினார்கள். கட்டணம் இல்லை, சிகிச்சை தரமானது, முகாமும் ஊருக்கு அருகிலேயே. இதைவிடத் திறந்த கதவு வேறு உண்டா?

ஆனால் நடந்தது என்ன? முகாம்கள் நடந்த தென்னிந்தியக் கிராமங்களில் செய்து 1999-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கண்ணில் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வந்தார்கள் என்று காட்டியது. மற்றவர்கள் ஏன் வரவில்லை? பயம், வீட்டுப் பொறுப்பு, செலவு. இலவசம் என்ற பிறகும் செலவா என்று கேட்கத் தோன்றும். பஸ் சார்ஜ் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, கூட வருகிறவருக்கும் கூலி போகிறது. பேரப்பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவது?

இதற்கு முன்பே, 1991-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு தீர்வையும் சொல்லியிருந்தது. அறுவை செய்து பார்வை பெற்ற ஒருவர் வீடு வீடாகப் போய்த் தம் அனுபவத்தைச் சொன்ன கிராமங்களிலும், சிகிச்சையோடு போக்குவரத்து, உணவு முதலிய முழுச் செலவையும் ஏற்றுக்கொண்ட இடங்களிலும் அதிகமானோர் வந்தார்கள். தட்டுப்பட்டது பணத் தடை மட்டுமன்று என்பது இதிலிருந்து விளங்குகிறது. ஆறுதலாகக் கைபிடித்து அழைத்துப் போக ஓர் ஆள் இல்லாததும் தடையே. பெண்களுக்கு அது இரட்டைத் தடை.

ஓட்டு வீடும் ரேஷன் கார்டும் உற்றார் உறவும் உள்ள உள்ளூர்க் கிழவிக்கே இந்த நிலை என்றால், வயல்வரப்பில் கூடாரம் போட்டிருக்கும் வெளியூர்ப் பெண்ணுக்கு நிலை எப்படியிருக்கும்?

ஒரு பெண்ணின் நாள்

அப்படிப்பட்ட ஒருத்தியை மனக்கண்ணால் பாருங்கள். விடியுமுன் எழுந்து சோறாக்குகிறாள். வெயிலேறுமுன் வயலில் இறங்குகிறாள். சேற்றில் நின்று நின்று கால்விரல் இடுக்குகள் வெந்து போகின்றன. தண்ணீர் குடிக்க ஆசைதான், ஆனால் குடிப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க மறைவிடம் இல்லை. அந்தி சாயும் வரை தாகத்தையும் அடக்குகிறாள், இயற்கை உபாதையையும் அடக்குகிறாள். விளைவு நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தாரையில் புண், காய்ச்சல். கடும் வெயிலில் உழைப்பவர்கள் கால் மணிக்கு ஒரு தம்ளர் அளவாவது தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது தொழில் மருத்துவர்களின் ஆலோசனை. வருடக்கணக்கில் உடம்பு வற்ற வற்ற உழைத்தால் சிறுநீரகம் பழுதாகும் அபாயமும் உண்டு.

பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். அந்த மருந்துகளில் பல, மூக்கு வழியாக மட்டுமல்லாமல் தோல் வழியாகவும் உள்ளே இறங்கக் கூடியவை. தலைவலி, வாந்தி, அளவுமீறிய வியர்வை, வாயில் உமிழ்நீர் வழிதல், கண்மணி சுருங்குதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அவளோ ‘வெயில் பித்தம்’ என்று நினைத்துச் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். காலியான மருந்து டப்பாவைக் கழுவி, அதிலேயே குடிதண்ணீர் பிடித்து வைப்பவர்களும் உண்டு. கேடு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அவள் கர்ப்பிணியாகவும் இருந்தால்? ‘இந்த நாற்று நட்டு முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறாள். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போயிற்று. அத்துடன் மேஸ்திரியின் முகமும் கோணும். மறுநாள் வேறொருத்தி அவள் இடத்தில் நிற்பாள்.

வசதிகள் இல்லாமலா இருக்கின்றன?

நியாயமாகப் பேச வேண்டும். நம் மாநிலத்தில் வசதிகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. மேலூரில் அரசு மருத்துவமனையும், மதுரையில் இராசாசி பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது. 104 என்ற எண்ணை அழைத்து நோய் பற்றி யோசனை கேட்கலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து தருகிறார்கள். ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டம், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் அளவுக்கு உதவுகிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்கிய வெளிமாநிலத்தவரும் உரிய அதிகாரியின் சான்றோடு சேர வழி வைத்திருக்கிறார்கள். 2020 அக்டோபர் முதல் நம் மாநிலத்தில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் நடைமுறையில் இருக்கிறது.

இந்த வசதிகளெல்லாம் ஒரு முகவரியை எதிர்பார்க்கின்றன என்பதைக் கவனியுங்கள். வீட்டு வாசலுக்கு மாத்திரை வரும், வீடு எது? கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். எந்த ஊர்ச் செவிலியரிடம்? சான்று வேண்டும், யாரிடம் கேட்பது, எந்தப் பேச்சில் கேட்பது? திட்டம் தீட்டியவர்கள் மீது குறையில்லை. மடைவாயில் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. மடைக்கும் வயலுக்கும் இடையில் வாய்க்கால் வெட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதே கேள்வி.

தயவா, ஹக்கா?

‘பாவம், ஏதோ நம்மால் ஆன உதவி’ என்று நாம் சொல்கிறோம். அது தயவு. தயவு இஷ்டப்பட்டால் செய்வது. செய்யாவிட்டால் யாரும் கேட்க முடியாது. ஹக்கு என்பதோ கொடுத்தே தீர வேண்டிய கடன். கொடுக்காவிட்டால் மறுமையில் நம் நன்மைகளிலிருந்து கழித்துக்கொள்ளப்படும் என்று அஞ்ச வேண்டியது. வெளியூர்க் கூலியாளின் உடல்நலம் இவ்விரண்டில் எதில் சேரும்?

என் தோப்பில் நான் வாங்கிக் கொடுத்த மருந்தை அடித்ததால் ஒருவனுக்கு மூச்சுத் திணறுகிறது. நான் மறைவிடம் கட்டித் தராததால் ஒருத்திக்கு நீர்க்கடுப்பு வருகிறது. வரப்பில் அறுத்துக்கொண்டிருந்தவனைக் கட்டுவிரியன் தீண்டுகிறது. இவையெல்லாம் என் விளைச்சலுக்காக நடந்தவை. விளைச்சல் என் களத்துக்கு வருகிறது; நோய் மட்டும் அவர்கள் கூடாரத்துக்குப் போகிறது. லாபத்தில் உரிமை கொண்டாடுகிறவன் நஷ்டத்துக்கு அந்நியனாக முடியுமா? வேலையால் வந்த நோய்க்கு மருந்து வாங்கிக் கொடுப்பது கூலியின் பாக்கியைத் தீர்ப்பது போன்றது. அதை ஸதகாக் கணக்கில் எழுதி நன்மை எதிர்பார்ப்பது சரியான கணக்கல்ல.

வேலையால் வராத நோய்க்கு? அங்கேதான் சமுதாயத்தின் பொறுப்பு வருகிறது. மருத்துவக் கலையைப் பர்ளு கிபாயா என்ற வரிசையில் வைத்தார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். சிலர் செய்தால் எல்லோர் மீதிருந்தும் கடமை நீங்கும்; யாருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. தம் காலத்தில் சட்டக்கலை படிக்கப் பெருங்கூட்டம் முண்டியடிக்கிறது, ஆனால் ஊரில் ஒரு முஸ்லிம் வைத்தியர் கிடைப்பதில்லை என்று ‘இஹ்யா’வில் அவர்கள் வருந்தியிருக்கிறார்கள். ஜனாஸாத் தொழுகை பர்ளு கிபாயா என்பது நம் பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும். இறந்தவனைத் தூக்க ஊர் கூடுகிறது. அவன் உயிரோடு கிடந்தபோது தூக்கிப் போக நாலுபேர் கூடாதது ஏன்?

முன்னோர் காட்டிய வழி

கலீபா உமர் (ரலி) அவர்களின் வாழ்வில் வரலாற்றாசிரியர்கள் எழுதும் ஒரு சம்பவத்தை அறியாதவர் நம்மில் குறைவு. இரவில் நகர்வலம் வந்த கலீபா, மதீனாவின் புறத்தே புதிதாக ஒரு கூடாரத்தைக் கண்டார்கள். வெளியே ஒருவன் கவலையோடு உட்கார்ந்திருந்தான். பாலைவனத்திலிருந்து வந்த ஏழை. உள்ளே அவன் மனைவி பிரசவ வேதனையில் இருந்தாள். துணைக்கு ஒரு பெண் கூட இல்லை. ‘பைத்துல் மாலிலிருந்து உதவி உண்டு, காலையில் வா’ என்று கலீபா சொல்லிவிட்டுப் போகவில்லை. வீட்டுக்கு விரைந்து தம் துணைவியார் உம்மு குல்தூம் அம்மையாரை எழுப்பி, பிரசவத்துக்கு வேண்டிய பொருள்களோடும் உணவோடும் அழைத்து வந்தார்கள். அம்மையார் உள்ளே போய்ப் பிரசவம் பார்த்தார்கள். கலீபா வெளியே அடுப்பை ஊதிச் சமைத்தார்கள்.

இந்தச் சம்பவத்தைக் கலீபாவின் எளிமைக்கு உதாரணமாகவே நாம் மேடைகளில் சொல்லி வருகிறோம். அதில் வேறொன்றும் இருக்கிறது. அந்தக் கூடாரத்துப் பெண் ஊராள் அல்லள். நேற்று வந்தவள், நாளை போகிறவள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு பெண்ணின் கை. கலீபாவின் அதிகாரத்தால் அந்த இடத்தை நிரப்ப முடியாது. அதனால் அரண்மனை மருத்துவரை அனுப்புவதாகச் சொல்லாமல், தம் வீட்டுப் பெண்ணையே அழைத்து வந்தார்கள். இதைப் படிக்கும் நம் தாய்மார்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

பெருமானார் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்து வந்த ஒரு யூதச் சிறுவன் நோயுற்றபோது, அவர்களே அவன் வீட்டுக்குச் சென்று பார்த்தார்கள். அந்தச் சம்பவத்தின் முடிவைச் சொல்லி மகிழும் நாம், அதன் தொடக்கத்தைப் பல நேரம் தாண்டிப் போய்விடுகிறோம். வேலை வாங்கியவர், வேலை செய்தவனின் வாசலுக்கு நடந்து போனார்கள் என்பது அதன் தொடக்கம். பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த ஓர் எளிய பெண்மணி இரவில் இறந்தபோது, சின்ன விஷயமென்று எண்ணித் தோழர்கள் சொல்லாமலே அடக்கிவிட்டார்கள். ஆளைக் காணோமே என்று கேட்டவர்கள் நபிகள் நாயகம் அவர்களே. பிறகு கப்றுக்குச் சென்று தொழுதார்கள். நம் தோப்பில் பத்துப் பேரில் ஒருத்தி வரவில்லை என்றால், ‘ஏன் வரவில்லை’ என்று நாம் கேட்பது வேலைக்காகவா, அவளுக்காகவா?

பக்தாதில் கலீபா முக்ததிரின் காலத்தில், அதாவது கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமைச்சர் அலீ இப்னு ஈஸா ஒரு காரியம் செய்தார். வைத்தியரே இல்லாத கிராமப்புறங்களில் நோயாளிகள் தவிக்கிறார்களே என்று யோசித்து, மருந்துப் பெட்டிகளோடு மருத்துவர்களை ஊர் ஊராக அனுப்பும்படி தலைமை மருத்துவர் ஸினான் இப்னு ஸாபித்துக்கு எழுதினார். போன ஊரில் முஸ்லிம் அல்லாதவர்கள் நிறைந்திருக்கிறார்களே, என்ன செய்வது என்று ஸினான் கேட்டார். அமைச்சர் முஸ்லிம்களை முன்னும் மற்றவர்களைப் பின்னும் வைத்து ஒரு வரிசை சொன்னாலும், சிகிச்சை மறுக்கச் சொல்லவில்லை. கால்நடைக்கும் கூட வைத்தியம் உண்டு என்றார். அந்த வரிசை அக்கால ஆட்சியாளரின் வரிசை. வலியால் துடிப்பவனிடம் மதம் விசாரித்துக்கொண்டிருக்க இன்று நமக்கு அவசியமில்லை. 1284-ல் ஸுல்தான் கலாவூன் கெய்ரோவில் வக்ஃபு செய்த பெரிய மருத்துவமனை, ஆண் பெண், ஏழை செல்வந்தர், உள்ளூரார் வெளியூரார் எல்லோருக்கும் திறந்திருந்ததை வரலாறு புகழ்கிறது.

நாமும் போனவர்களே

‘இது பிறர் பிரச்சினை’ என்று தோன்றினால், நம் வம்ச வரலாற்றைத் திருப்பிப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம், திருச்சிப் பகுதிகளிலிருந்து இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நம்மவர் கால்நடையாகப் போனார்கள். மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியில் காலராவாலும் அம்மையாலும் விழுந்து மடிந்தவர்கள் ஏராளம். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்குத் துரைமார் பொறுப்பேற்க வேண்டும் என்று 1912-ல் அங்கே தனிச் சட்டமே வந்தது. அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போய்விட்டார்கள்!

அமெரிக்கா செல்வத்தில் கொழிக்கும் நாடு. அங்கும் பயிர் விளைகிற இடத்துக்கெல்லாம் பின்னாலேயே பெயர்ந்து செல்லும் விவசாயக் கூலிகள் எந்த ஊர்க் கணக்கிலும் சேராமல் தவித்தார்கள். 1962-ல் அவர்களுக்கென்றே ஒரு சுகாதாரச் சட்டம் இயற்றி, அவர்கள் தங்குமிடத்துக்கு அருகில் மருத்துவ நிலையங்கள் நடத்த உதவி செய்தார்கள். நம் நாட்டிலும் 1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்களுக்கான சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் இலவச மருத்துவ வசதி செய்து தர வேண்டும் என்று அது விதித்தது. பின்னர் 2020-ல் இயற்றிய தொழிற்சட்டத் தொகுப்பில் அதைச் சேர்த்தார்கள். சட்டம் எழுதியது போதுமா என்பதை வயல்வரப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இன்று நம் வீடுகளில் ரியாத்திலோ துபாயிலோ கோலாலம்பூரிலோ பிள்ளை இல்லாத வீடு எத்தனை? அவனுக்கு அங்கே காய்ச்சல் என்று போன் வந்தால் இங்கே தாய்க்குத் தூக்கம் போகிறது. அறையில் கூட இருப்பவன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனானா, கபீல் விடுப்புக் கொடுத்தாரா, மொழி தெரிந்தவர் யாராவது கூடப் போனார்களா என்று துடிக்கிறாள். பீகாரில் ஒரு தாய்க்கும் அதே துடிப்புதான். அவள் மகனுக்கு இங்கே ‘கபீல்’ நாமே.

எழும் ஆட்சேபங்கள்

‘அரசாங்கம் வரி வாங்குகிறதே, அது செய்யட்டும்’ என்பார்கள். செய்யத்தான் வேண்டும், கேட்டு வாங்கவும் வேண்டும். ஆனால் வயலுக்குள் யார் படுத்திருக்கிறார்கள் என்பது அரசாங்கத்துக்குத் தெரியாது, நிலக்காரருக்குத் தெரியும். தெரிந்தவன் மீது தெரியாதவனை விட அதிகப் பொறுப்பு உண்டு.

‘நம் ஏழைகளே ஏராளம், முதலில் அவர்கள்’ என்பார்கள். ஜகாத்தைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைத் திருமறை வரையறுத்திருக்கிறது. அவர்களில் வழிப்போக்கரும் ஒருவர். ஜகாத்தின் சட்டங்களை உலமாப் பெருமக்களிடம் கேட்டு நடப்போம். ஆனால் இங்கே பேசும் காரியங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஜகாத் பணமே தேவையில்லை. ஒரு குடம் தண்ணீரும் ஒரு தட்டி மறைப்பும் எந்த ஏழையின் பங்கையும் குறைத்துவிடாது. நம் ஏழைகளிலும் வயல்வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. வெளியூராளுக்குக் கட்டிய நிழலில் அவர்களும் ஒதுங்குவார்கள்.

‘நாளைக்குப் போய்விடுகிறவர்கள் தானே’ என்பது மூன்றாவது ஆட்சேபம். போய்விடுகிறவன் என்பதாலேயே அவன் பலவீனன். திருப்பிச் செய்ய மாட்டான், ஓட்டுப் போட மாட்டான், நன்றி சொல்லக் கூட மீண்டும் வர மாட்டான். அப்படிப்பட்டவனுக்குச் செய்வதில்தான் இக்லாஸ் சோதிக்கப்படுகிறது.

நான்காவது ஆட்சேபம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. ஆனால் அதுவே பெரியது. ‘எனக்குச் செலவாகும்.’ ஆம், ஆகும். அரைநாள் கூலி, ஒரு ஆட்டோ வாடகை, ஒரு தட்டி மறைப்பு, கொஞ்சம் நேரம். விளைச்சலில் லாபம் குறைந்த வருஷத்தில் சிறு விவசாயிக்கு இதுவும் பாரமே. பாரமாயிருந்தால் பல வீட்டார் கூடிச் சுமக்கலாம், ஜமாஅத் சுமக்கலாம். சுமையே இல்லை என்று மட்டும் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம்.

நம் வீட்டுக்கு எட்டும் காரியங்கள்

தோப்பும் வயலும் வைத்திருப்பவர்களும், தோப்புக் குத்தகை எடுக்கும் வியாபாரிகளும் முதலில் மூன்றைச் செய்யலாம். நிழலில் குடிதண்ணீர், பெண்களுக்கு நாற்புறமும் அடைத்த மறைவிடம், மருந்து அடித்த வயலில் உடனே ஆளை இறக்காதிருத்தல். காலி மருந்து டப்பாக்களை ஓட்டை போட்டு அப்புறப்படுத்துங்கள். யாருக்காவது மருந்து நெடி ஏறினால் உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடையை மாற்றி, அந்த மருந்தின் சீட்டோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டரின் வேலை எளிதாகும்.

பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறவோ, உறிஞ்சவோ, இறுக்கிக் கட்டவோ வேண்டாம். மந்திரித்துக் கொண்டிருக்கும் நேரத்தில் விஷம் ஏறிவிடும். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்தை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுகிறார்கள். 2024 முதல் தமிழ்நாட்டில் பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகவே சேர்த்திருக்கிறார்கள்.

வேலைக்காரப் பெண் நோய் என்று சொன்னால் கூலி பிடிக்காமல் அரைநாள் அனுப்புங்கள். இந்த ஒரு வழக்கம் நம் வட்டாரத்தில் வேரூன்றினால், அது பல முகாம்களின் பலனைத் தரும்.

தாய்மார்களே! கூடாரத்தில் கர்ப்பிணி இருப்பதாகக் கேள்விப்பட்டால், ஒருநாள் அவளோடு நீங்கள் போங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் அவள் கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்கிக் கொடுங்கள். பிறக்கும் பிள்ளையின் பிறப்புச் சான்றுக்கும் அந்த எண் வேண்டும். வேறு ஊருக்குப் பெயர்ந்தாலும் அட்டையைப் பத்திரமாக எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஆண் டாக்டரிடம் சொல்லக் கூசும் நோயை உங்களிடம் சொல்வாள். செங்கல்பட்டு வட்டாரத்தில் 1981-ல் பன்னிரண்டு தலித் பெண்களும், படித்த பெண்மணியான சுந்தரி ரவீந்திரனும் சேர்ந்து கிராமப்புற மகளிருக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். வயல்வேலைக்குப் போகும் பெண்களின் உடல்நலத்துக்காக அது உழைத்து வந்திருக்கிறது. பெரிய படிப்புப் படித்தவர்கள் மட்டுமே செய்யக் கூடிய வேலை இதுவன்று என்பதற்கு அவர்கள் சாட்சி.

நமக்கென்றே ஒரு வாய்ப்பும் இருக்கிறது. வடநாட்டுக் கூலியாள் ஆஸ்பத்திரியில் தன் வலியைச் சொல்லத் தெரியாமல் விழிக்கிறான். உர்தூ தெரிந்த ஹஜ்ரத்மார்களும், மதரஸா மாணவர்களும், உர்தூ பேசும் குடும்பங்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தி பேசுகிறவனுக்கு அந்தப் பேச்சு புரியும். வாரத்தில் ஒருநாள் ஒருவர் முறைவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் உட்கார்ந்தால் போதும். கல்விக்கும் ஜகாத் உண்டென்று பெரியோர் சொல்வார்கள். நாவில் அல்லாஹ் வைத்த மொழிக்கு அதுவே ஜகாத்தாக அமையட்டும்.

ஜமாஅத் நிர்வாகிகள் பள்ளிவாசலின் வெளிச்சுவரில் 108, 104 என்ற எண்களையும், பக்கத்துச் சுகாதார நிலையம் திறக்கும் நேரத்தையும் தமிழிலும் இந்தியிலும் எழுதி வைக்கலாம். அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுன் நபவியிலேயே கூடாரம் அடித்தார்கள். ருஃபைதா என்ற பெண்மணி அங்கே காயத்துக்கு மருந்து கட்டினார்கள். பள்ளிவாசலுக்கும் மருத்துவத்துக்கும் உறவு புதிதல்ல.

கதவைத் திறந்து வைத்தவன் பாதிக் கடமையைச் செய்தவன். எழுந்து நடக்க முடியாதவனுக்குத் திறந்த கதவும் மூடிய கதவும் ஒன்றே. மறுபாதிக் கடமை நம் கால்களில் இருக்கிறது. அடுத்த நடவுக்கு அழகர்மலை அடிவாரத்தில் கூடாரங்கள் எழும்போது, யார் வந்திருக்கிறார்கள், அவர்களில் யாருக்குச் சுகமில்லை என்று போய்க் கேட்கும் முதல் ஆள் நம் வீட்டிலிருந்து கிளம்பட்டும்.

கேட்கும் காதையும், நடக்கும் காலையும், கணக்குப் பார்க்காத கையையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.